மெயினை இறக்கிய பிறகும் ஏன் அடிக்கிறது? கண்டென்சர் பற்றி வாசகர் கேள்விகள்

குறுவைக்கு முன்னால் பம்புசெட்டைச் சரிபார்த்து வைப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சாமானைப் பற்றித்தான் கேட்கின்றன: கெப்பாசிட்டர் என்கிற கண்டென்சர், அதாவது கரண்ட்டைத் தனக்குள் தேக்கி வைக்கிற சாமான். அதனால் இந்த இதழில் முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: வீட்டு போர்வெல்லில் 1 எச்பி சிங்கிள் ஃபேஸ் நீர்மூழ்கி மோட்டார். பொத்தானை அழுத்தினால் உறுமுகிறது, எடுக்கவில்லை. கண்டென்சர் போயிருக்கும் என்று நினைத்து மெயினை இறக்கி, ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கி வைத்துவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. பேனலுக்குள் கை வைத்ததும் தோள்பட்டை வரை தூக்கி அடித்தது. வீட்டில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்) வேறு இருக்கிறது, அதுவும் விழவில்லை. கரண்டே இல்லாமல் ஷாக் எப்படி?
— மன்னார்குடி வாசகர்

பதில்: உங்களை அடித்தது கம்பத்திலிருந்து வரும் கரண்ட் இல்லை, பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்ட கரண்ட். மேட்டூரை மூடிவிட்டாலும் கடைமடை வாய்க்காலில் தண்ணீர் தேங்கி நிற்பதில்லையா, அதே கதைதான். இணைப்பு விடுபட்ட நொடியில் கண்டென்சரில் எவ்வளவு ஏறியிருந்ததோ, அது வடிய வழி கிடைக்கும்வரை அங்கேயே கிடக்கும். சில நிமிடமும் கிடக்கலாம், நல்ல கண்டென்சராக இருந்தால் நாள்கணக்கிலும் கிடக்கலாம்.

உங்கள் பேனலைத் திறந்தால் உள்ளே இரண்டு உருளைகள் தெரியும். கறுப்பு பிளாஸ்டிக் உருளை ஸ்டார்ட் கண்டென்சர், 100 மைக்ரோஃபாரட் (கண்டென்சரின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) அல்லது அதற்கு மேல் போட்டிருக்கும். இன்னொன்று ரன் கண்டென்சர், 36 அல்லது 50 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் என்று அச்சடித்திருக்கும். பச்சைப் பொத்தானை அழுத்தி, மோட்டார் எடுத்ததும் விடுகிறீர்கள் அல்லவா? விட்ட கணத்தில் ஸ்டார்ட் கண்டென்சர் சர்க்யூட்டிலிருந்து தனியாகக் கழன்றுவிடுகிறது. 230 வோல்ட் என்று நாம் சொல்லும் வீட்டு கரண்ட் ஒவ்வொரு அலையிலும் 325 வோல்ட் வரை ஏறி இறங்குவது. கழன்ற நொடியில் அலை உச்சிக்குப் பக்கத்தில் இருந்தால் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் உள்ளே அடைபட்டுப்போகும். அலை பூஜ்யத்தில் இருந்தால் ஒன்றுமே இருக்காது. ஒரு நாள் அடிக்கிறது, ஒரு நாள் அடிப்பதில்லை என்று வயர்மேன்கள் சொல்வது இதனால்தான். அடிக்காத நாட்களை நம்பித்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

ரன் கண்டென்சர் சமாச்சாரம் வேறு. அது மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான வைண்டிங்கோடு சேர்ந்தே இருப்பதால், மோட்டார் நல்ல நிலையில் இருந்தால் மெயினை இறக்கியதும் வைண்டிங் வழியாகவே வடிந்துவிடும். ஆனால் நீங்கள் பேனலைத் திறப்பது மோட்டார் நன்றாக ஓடுகிற நாளில் இல்லையே. வைண்டிங் அறுந்திருக்கலாம், போருக்குள் கேபிள் ஜாயின்ட் விட்டிருக்கலாம், டெர்மினலில் வயர் கழன்றிருக்கலாம். பழுது பார்க்கக் கை வைக்கிற அன்றைக்குத்தான் வடியும் வழி அடைபட்டிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

டெஸ்டர் ஏன் எரியவில்லை? டெஸ்டருக்குள் இருக்கும் சின்ன நியான் விளக்கு எரிய வேண்டுமானால், கரண்ட் உங்கள் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்கிப் போக வேண்டும். மெயின் கழன்று தனியாக நிற்கும் கண்டென்சருக்கும் தரைக்கும் ஒரு தொடர்பும் கிடையாது, அதன் இரண்டு முனைகளுக்கு நடுவில்தான் வோல்ட் இருக்கிறது. ஒரு முனையில் டெஸ்டரை வைத்தால் எரியாது, இன்னொரு முனையில் வைத்தாலும் எரியாது, இரண்டு முனையிலும் விரல் பட்டால் அடிக்கும். ஆர்சிசிபி விழாததும் இப்படித்தான். அது ஃபேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமா என்று பார்க்கிற கருவி. உங்களைத் தாக்கிய கரண்ட் அதன் வழியாக வரவே இல்லை. ஆர்சிசிபியைக் குறை சொல்லாதீர்கள், கழற்றியும் போட்டுவிடாதீர்கள், அது காப்பாற்றுகிற இடம் வேறு.

எவ்வளவு ஆபத்து என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கொள்ளளவை வோல்ட்டின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் ஜூல் கணக்கில் ஆற்றல் வரும். 100 மைக்ரோஃபாரட், 325 வோல்ட் என்றால் 5 ஜூலுக்குக் கொஞ்சம் மேல். அமெரிக்காவில் மின் பணியாளர்களுக்கான என்எஃப்பிஏ 70இ என்ற பாதுகாப்புத் தரம், 100 முதல் 400 வோல்ட் வரை உள்ள கண்டென்சரில் 1 ஜூல் இருந்தாலே ஆபத்து என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறது. உங்களுடையது அதைப்போல ஐந்து மடங்கு. ஈரக் கை என்றால் தோலின் தடை குறைந்து அடி இன்னும் பலமாக விழும். ஷாக்கைவிட, அது தூக்கி எறிவதில் பின்மண்டை சுவரில் மோதுவதும், ஏணியிலிருந்து விழுவதும்தான் பல நேரம் உயிருக்கு உலை வைக்கிறது.

சரி, எப்படித் தொடுவது? மெயினை இறக்குங்கள், ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், வேறு யாரும் போட்டுவிடக் கூடாது. ஹோல்டரோடு ஒரு 60 வாட் குண்டு பல்பு, அதிலிருந்து ரப்பர் பிடி போட்ட இரண்டு வயர். அந்த வயர்களைக் கண்டென்சரின் இரண்டு முனையிலும் வையுங்கள். பல்பு ஒருமுறை மின்னி அணையும். மின்னாவிட்டாலும் சில விநாடி வைத்திருங்கள். எல்இடி பல்பு இதற்கு ஆகாது, வோல்ட் கொஞ்சம் இறங்கியதுமே அது இழுப்பதை நிறுத்திவிடும், மிச்சம் உள்ளேயே நிற்கும். அப்புறம் மல்டிமீட்டரை டிசி ரேஞ்சில் வைத்து அளந்து பார்க்க வேண்டும். டிசி என்பதை அழுத்திச் சொல்கிறேன். மோட்டார் ஏசி என்பதால் ஏசி ரேஞ்சிலேயே வைத்துப் பூஜ்யம் காட்டுகிறது என்று கையை விடுகிறவர்கள் இருக்கிறார்கள், கண்டென்சரில் நிற்பது டிசி, பேட்டரியில் இருப்பதைப் போல. இரண்டு கண்டென்சரையும் தனித்தனியாக வடித்து, தனித்தனியாக அளக்க வேண்டும்.

நிரந்தர ஏற்பாடும் உண்டு. கண்டென்சரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ரெசிஸ்டரை (கரண்ட்டை மட்டுப்படுத்தி விடும் சின்னச் சாமான்) வைத்துவிட்டால், மெயின் போனதும் அதன் வழியாகத் தானாக வடிந்துவிடும். ஸ்டார்ட் கண்டென்சருக்கு 15 கிலோ ஓம், 2 வாட் என்பது வழக்கமான அளவு, சில விநாடிகளில் வடிந்துவிடும். ரன் கண்டென்சர் முழு நேரமும் ஓடுவதால் ரெசிஸ்டர் சூடாகாமல் இருக்க 220 கிலோ ஓம், 2 வாட் போடலாம், 50 மைக்ரோஃபாரட்டை ஒரு நிமிடத்துக்குள் வடித்துவிடும். வயர்மேனிடம் சொன்னால் கால் மணி நேர வேலை, சொற்பச் செலவு. ஆனால் ரெசிஸ்டர் இருக்கிறதே என்று அளக்காமல் தொடாதீர்கள், அதுவும் ஒரு நாள் கருகும்.

கேள்வி: எங்கள் மைக்ரோவேவ் ஓவன் ஓடுகிறது, சாப்பாடு சூடாகவில்லை. பாலிடெக்னிக் படிக்கும் மகன் வீடியோ பார்த்துத் தானே சரிசெய்கிறேன் என்று ஸ்குரூவைக் கழற்றப் பார்க்கிறான். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் பயம் இல்லைதானே?
— கும்பகோணம் வாசகி

பதில்: அம்மா, தயவுசெய்து அந்த ஸ்குரூடிரைவரை வாங்கி வைத்துவிடுங்கள். வீட்டுச் சாமான்களில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லக்கூடியது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். உள்ளே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் 2000 வோல்ட் அளவுக்கு ஏற்றிக் கொடுக்க, கிட்டத்தட்ட 1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்று அதன் உச்சத்துக்கு, அதாவது 2800 வோல்ட் வரை சார்ஜ் ஆகிறது. ஏறக்குறைய 4 ஜூல். பம்ப் பேனலைவிடக் குறைவுதானே என்று தம்பி கணக்குச் சொல்லக்கூடும். இந்த வோல்ட்டுக்கு முன்னால் காய்ந்த தோல் எந்தத் தடையும் கிடையாது, முழு வேகத்தில் உடம்புக்குள் இறங்கும். போதாததற்கு, டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு முனை ஓவனின் தகரத்தோடேயே சேர்ந்திருக்கிறது. பம்ப் பேனலில் இரண்டு முனையும் பட்டால்தான் அடிக்கும். இங்கே ஒரு கை தகரத்தில் ஊன்றி இன்னொரு கை ஒரு முனையில் பட்டாலே போதும், கரண்ட் நெஞ்சைக் கடந்து போகும்.

அந்தக் கண்டென்சருக்குள்ளேயே பெரும்பாலும் 10 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்று வைத்திருப்பார்கள், ஒரு நிமிடத்தில் வடித்துவிடும். அது அறுந்திருந்தால் வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சூடாகாத ஓவன் என்றால் பழுது அந்த உயர் வோல்ட் பகுதியில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, கை போகப்போவதும் அங்கேதான். மகனின் ஆர்வத்தை அணைக்க வேண்டாம். டேபிள் ஃபேன், அயர்ன் பாக்ஸ் என்று தொடங்கட்டும், ஓவன் அதற்குப் பழகின மெக்கானிக்கிடம் போகட்டும்.

கேள்வி: மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். வேலை பழகும் பையன்கள் கண்டென்சரை மெயினில் வைத்துச் சார்ஜ் ஏற்றி, "பிடிடா" என்று ஒருவன் மேல் ஒருவன் தூக்கிப் போட்டு விளையாடுகிறார்கள். அப்புறம், கண்டென்சர் நல்லதா என்று பார்க்க, சார்ஜ் ஏற்றி ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்து, "பட்" என்று பொறி வந்தால் நல்லது என்பதுதான் எங்கள் கடை வழக்கம். இதில் தவறு உண்டா?
— ஒரத்தநாடு வாசகர்

பதில்: அய்யா, முதல் விஷயத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். "பிடிடா" என்றால் கை தானாக நீளும், இரண்டு உள்ளங்கையும் சேர்த்துத்தான் பிடிப்பான், முனைகள் இரண்டு கைக்கும் நடுவில் வரும். அவனுக்கு இதயக் கோளாறு இருக்கிறதா என்று உங்களுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. வைண்டிங் மெஷின் பக்கத்தில், அடுக்கிய மோட்டார் உடல்களுக்கு நடுவே, பின்னால் பாய்கிற பையன் எதன் மேல் விழுவான் என்றும் தெரியாது. பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகளை நம்பி அனுப்பியிருக்கிறார்கள். கண்டென்சரைத் தூக்கிப் போட்டவனுக்கு அன்றைக்கு வேலை கிடையாது என்று ஒரு சட்டமே போடுங்கள், தப்பில்லை.

இரண்டாவதும் தவறுதான். ஸ்குரூடிரைவர் ஷார்ட்டில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரு கணத்தில் பாய்கிறது. உங்கள் கடை ஸ்குரூடிரைவரின் முனையைப் பாருங்கள், அரித்த மாதிரி குழி குழியாக இருக்கும். அந்தக் குழியில் இருந்த இரும்பு உருகித் துளியாகப் பறந்துபோனது, ஒரு துளி கண்ணில் பட்டால் என்ன ஆகும்? கண்டென்சருக்கும் இது கெடுதல், உள்ளே தகடும் முனையும் சேரும் இடம் ஒவ்வொரு ஷார்ட்டிலும் பலவீனமாகிறது. அதோடு பொறியைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. 50 மைக்ரோஃபாரட் 30-ஆக இறங்கியிருந்தாலும் பொறி வரும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மோட்டாருக்குத்தான் தெரியும், அது சூடாகி வைண்டிங் கருகி உங்கள் கடைக்கே திரும்பி வரும். கெப்பாசிட்டன்ஸ் அளக்கும் ரேஞ்ச் உள்ள மல்டிமீட்டர் இப்போது எங்கும் கிடைக்கிறது, ஒன்று வாங்கி வையுங்கள். வடித்த பிறகுதான் அதை வைக்க வேண்டும், சார்ஜோடு வைத்தால் மீட்டர் போய்விடும்.

வடிப்பதற்கு ஒரு கருவியைக் கடையிலேயே செய்துகொள்ளலாம். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை (வெள்ளையாகச் செங்கல் வடிவில் இருக்குமே, அது) ஒரு முழ நீள பிவிசி பைப்புக்குள் வைத்து, இரண்டு பக்கமும் உறை போட்ட முனையோடு வயர் எடுங்கள். 100 மைக்ரோஃபாரட்டுக்கு 5 விநாடி, 470-க்கு 25 விநாடி. கூடவே 10 விநாடி வைத்திருந்தால் நஷ்டமில்லை. பொறி கிடையாது, சத்தம் கிடையாது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. நன்றாக வடித்து மேசையில் வைத்த பெரிய கண்டென்சர், சற்று நேரம் கழித்து அளந்தால் மறுபடி கொஞ்சம் வோல்ட் காட்டும். தகடுகளுக்கு நடுவில் இருக்கும் காப்புப் பொருளுக்குள் ஊறியிருந்த சார்ஜ் மெதுவாக வெளியே வருகிறது. ஸ்டார்ட் கண்டென்சர் மாதிரியான எலக்ட்ரோலிடிக் வகையில் இது அதிகம். அதனால் கழற்றி வைக்கும் ஒவ்வொரு பெரிய கண்டென்சரின் முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துக் கட்டி வையுங்கள். டப்பாவுக்குள் கை விட்டுத் துழாவும் கடைப் பையனுக்கு அதுதான் பாதுகாப்பு.

உங்கள் ஆட்கள் அரிசி ஆலைகளுக்கும் போவார்கள் என்று நினைக்கிறேன். லைனில் வீணாக ஓடும் கரண்ட்டைக் குறைக்க வைக்கிற பவர் ஃபேக்டர் பேனலில் இருக்கும் கண்டென்சர்களில் வடிக்கும் ரெசிஸ்டர் இருக்கும். சர்வதேசத் தரப்படி 3 நிமிடத்தில் 75 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். அந்த 3 நிமிடத்தை நின்று கழிக்க வேண்டும். ஆலைக்காரர் "சீக்கிரம், நெல் ஊறிக் கிடக்கு" என்று பின்னால் நின்று விரட்டினாலும்.

கேள்வி: கொசு பேட்டை அணைத்து வைத்த பிறகு குழந்தை வலையைத் தொட்டு அலறிவிட்டாள். ஆபத்தா?
— மயிலாடுதுறை வாசகி

பதில்: வலிதான் பெரிது, கண்டென்சர் மிகச் சின்னது. வோல்ட் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் ஆற்றல் ஒரு ஜூலில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் பேட்டைச் சுவரில் செருகிச் சார்ஜ் ஏற்றும்போது யார் கையிலும் கொடுக்காதீர்கள். மலிவான பேட்களில் மெயின் கரண்ட்டைப் பிரிக்க டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, அப்போது உள்ளே இருப்பது நேரடி வீட்டு கரண்ட். அது உண்மையான ஆபத்து. அணைத்த பிறகு, பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்குரூடிரைவரால் நடு வலையையும் வெளி வலையையும் சேர்த்து ஒரு தொடு தொட்டு, பிள்ளைக்கு எட்டாத ஆணியில் மாட்டுங்கள்.

கேள்வி: சோலார் பம்ப் கன்ட்ரோலரில் "அணைத்துப் பத்து நிமிடம் கழித்துத் திறக்கவும்" என்று ஒட்டியிருக்கிறது. அவ்வளவு நேரம் தேவையா? உப்புக் காற்றில் டெர்மினல் பச்சை பூத்து அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கிறது.
— வேதாரண்யம் வாசகர்

பதில்: தேவை. மூன்று ஃபேஸ் மோட்டாரை ஓட்டும் கன்ட்ரோலருக்குள் பெரிய கண்டென்சர்கள் வரிசையாக இருக்கும், அவற்றில் 560 வோல்ட் டிசி அளவுக்கு நிற்கும். 500 மைக்ரோஃபாரட் என்று வைத்தாலும் 78 ஜூல். ஆஸ்பத்திரியில் தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு ஷாக் கொடுக்கிற கருவியும் ஒரு கண்டென்சரைத்தான் காலி செய்கிறது, நூற்றுச் சொச்சம் முதல் 200 ஜூல் வரை. அதில் பாதி அளவு உங்கள் பெட்டியில் இருக்கிறது.

நீங்கள் கவனிக்க வேண்டியது அந்தப் பத்து நிமிடம் எப்போது ஆரம்பிக்கிறது என்பது. பம்பை நிறுத்துகிற பொத்தானை அழுத்தியதிலிருந்து எண்ணினால் வீண், வெயில் இருக்கும்வரை சோலார் பேனல்கள் கண்டென்சருக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். சோலார் பேனலிலிருந்து வரும் லைனைத் துண்டிக்கிற சுவிட்சான டிசி ஐசொலேட்டரைத் திருப்பி அணைத்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். மெயின் லைனும் சேர்த்திருந்தால் அதையும் அணைக்க வேண்டும். உள்ளே எரியும் சின்ன விளக்கு அணைந்தது அத்தாட்சி ஆகாது. 1000 வோல்ட் டிசி தாங்கும் மீட்டரால் பிளஸ், மைனஸ் டெர்மினல்களை அளந்து, 50 வோல்ட்டுக்கு வெகு கீழே இறங்கிய பிறகு துடையுங்கள். நீங்கள் சொல்லும் அதே உப்புக் காற்று வடிக்கும் ரெசிஸ்டரின் காலையும் அரித்திருக்கும். உங்கள் ஊர்ப் பக்கம் பத்து நிமிடத்தை மட்டும் நம்ப முடியாது, அளப்பதுதான் ஒரே வழி. சோலார் பேனல் வயர்களின் முனையில் பகல் முழுக்க கரண்ட் உண்டு, அந்த இடத்தைத் துடைக்கும் வேலையை விடியும் முன் வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் பக்கத்து வயல்காரர் கண்டென்சர் பெட்டி போட்டு இரண்டு ஃபேஸில் 5 எச்பி மோட்டாரை ஓட்டுகிறார். தொட்டியில் பிள்ளைகள் குளிக்கிறார்கள். பெட்டி மூடியில்லாமல் தரையில் கிடக்கிறது. சொன்னால் கோபித்துக்கொள்கிறார்.
— திருவாரூர் மாவட்ட வாசகர்

பதில்: கோபித்துக்கொண்டாலும் சொல்லுங்கள். அந்தப் பெட்டியில் பல கண்டென்சர்களை ஒன்றாகச் சேர்த்திருப்பார்கள், சேரச்சேர கொள்ளளவு கூடும். இரண்டு ஃபேஸுக்கு நடுவில் 400 வோல்ட்டுக்கு மேல், உச்சத்தில் 580 வோல்ட் வரை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் முனைகளில் டேப்கூட இல்லை, கீழே ஈர மண், இரண்டடி தள்ளித் தண்ணீர் தெறிக்கும் தொட்டி. மோட்டாரை நிறுத்திய பிறகும், வயரைக் கழற்றி ஓரமாகப் போட்ட பிறகும் அதில் சார்ஜ் நிற்கும். அதைத் தெரியாமல் எடுத்து விளையாடப்போவது பிள்ளைகள்தான்.

இப்படி ஓட்ட மின்வாரியம் அனுமதிப்பதில்லை. இரண்டு ஃபேஸில் சுமை ஏறி டிரான்ஸ்ஃபார்மர் கருகினால் அந்த வரிசையில் எல்லோருடைய பயிரும் காய வேண்டும். ஆனால் அவரிடம் சட்டம் பேசி ஆரம்பிக்காதீர்கள், காய்கிற நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு அது ஏறாது. பெட்டியை இன்றே தொட்டிப் பக்கத்திலிருந்து எடுத்து, கொட்டகைக்குள் நெஞ்சு உயரத்தில், மூடியும் பூட்டும் போட்டு மாட்டச் சொல்லுங்கள். வடிக்கும் ரெசிஸ்டர் வைக்க ஒரு வயர்மேனை நீங்களே அழைத்துப் போங்கள். பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள், அதற்கு அவர் சம்மதிக்க வேண்டியதில்லை.

கேள்வி: இப்படி ஷாக் அடித்து ஒருவர் விழுந்துவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?
— பாபநாசம் வாசகர்

பதில்: கண்டென்சர் ஷாக் ஒரு கணத்தில் முடிந்துவிடும், ஆள் ஒட்டிக்கொண்டு கிடக்கமாட்டார். ஆனால் மெயின் உண்மையிலேயே இறங்கியிருக்கிறதா என்று உங்களுக்கு அப்போது தெரியாது. முதலில் அதை இறக்குங்கள், அப்புறம் தொடுங்கள். பேச்சு மூச்சு இல்லை, அல்லது மூச்சு திணறித் திணறி வருகிறது என்றால் 108-ஐ அழைக்க ஒருவரை விட்டுவிட்டு, நீங்கள் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் அமுங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். வண்டி வரும்வரை நிறுத்தக் கூடாது, கை சோர்ந்தால் ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். இரும்புச் சாவியைக் கையில் திணிப்பது, தண்ணீர் புகட்டுவது எதுவும் வேண்டாம்.

எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லப்பா" என்று சொன்னாலும், ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கிய ஷாக் என்றாலோ, நெஞ்சு படபடப்பு, மயக்கம், தலையில் அடி எது இருந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுக்க வேண்டும். கிளம்பும்போது கண்டென்சரில் அச்சடித்திருக்கும் மைக்ரோஃபாரட், வோல்ட் எண்களைத் தொடாமல் செல்போனில் படம் எடுத்துப் போங்கள், எந்த அளவு அடி என்று டாக்டரிடம் காட்டலாம்.